‘படுத்துறாக’: தேதி சொல்ல முடியாத கொடுமைக்கு ஒரு சொல்

“படுத்துறாக தம்பி.”

“என்னக்கா செய்றாரு?”

“என்னத்தச் சொல்ல. படுத்துறாக.”

ராமநாதபுரம் கடற்கரையில் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தவர்கள் யாராக இருந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். பாம்பனிலிருந்து வந்தாலும் சரி, தொண்டியிலிருந்து வந்தாலும் சரி, கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எதிரே இருக்கும் அக்காவைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாயிற்று. என் கையிலோ இன்னும் வெள்ளைத்தாள்தான் இருக்கிறது. மனுவுக்கு ஒரு தேதி வேண்டும், ஒரு இடம் வேண்டும், ‘அன்றைக்கு இன்னது நடந்தது’ என்று ஒரு வரி வேண்டும். அக்கா கொடுத்திருப்பதோ ஒரே ஒரு வினைச்சொல்.

பல வருஷங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஆரம்பத்தில் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவேன். “சரிக்கா, அத விடுங்க, அடிச்சாரா?” என்று கேட்பேன். அடி இருந்தால் எழுதுவேன். இல்லாவிட்டால் ‘துன்புறுத்துகிறார்’ என்று பொதுவாக ஒரு வரி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய ரொம்ப நாளானது. விவரம் சொல்லத் தெரியாமல் அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப நடப்பது, பிரித்து எண்ண முடியாதபடி ஒன்றாகிப் போனது, அதற்கென்றே தமிழ் வைத்திருக்கும் சொல் அது. அதை விட்டுவிட்டு எழுதுகிற மனுவில் முக்கியமானதே விட்டுப்போகும்.

படு என்ற வேர் இந்தக் கரையில் காலையிலிருந்து ராத்திரி வரை புழங்குவது. வள்ளம் கரைக்கு வந்ததும் முதல் கேள்வியே மீன்பாடு எப்படி என்பதுதான். “கணவாய் பட்டுச்சா?” “எங்க, நண்டுதான் பட்டிருக்கு.” மீன் வலையில் படும், காற்று முகத்தில் படும், கல் காலில் படும். ஒன்று வந்து இன்னொன்றின் மேல் சேர்வதும் நேர்வதும் படுதல். நேர்ந்தது துன்பமானால் அதுவும் பாடுதான். “நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்று சொல்லாத வீடு கிடையாது. தானாகப் படாமல் ஒருவர் பட வைத்தால் அது படுத்துதல். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வித்தியாசம்தான்.

இந்தப் ‘படுத்து’ வேறொரு சொல்லோடு ஒட்டி வரும்போது நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். மேம்படுத்தலாம், பலப்படுத்தலாம், சமாதானப்படுத்தலாம். அவமானப்படுத்தலாம், சிறுமைப்படுத்தலாம், தனிமைப்படுத்தலாம். ஆனால் முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக “என்னைப் படுத்துறான்” என்று வந்தால் அதற்கு நல்ல அர்த்தம் ஒன்றுகூடக் கிடையாது. எதைப் பட வைக்கிறான் என்று சொல்லவே தேவையில்லை, கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சொல்லில் காலம் ஓடுகிற விதத்தையும் கவனியுங்கள். “நேத்து அடிச்சாக” என்பார்கள். “நேத்து எட்டு மணிக்குப் படுத்துனாக” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “நேத்துப் பூராம் படுத்திட்டாக” என்றால்தான் காதுக்குச் சரியாக இருக்கும். அடிக்கு ஒரு நொடி போதும். படுத்துவதற்கு நீளம் வேண்டும், அந்த நீளம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அதே சொல்லை மற்றவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. பல் முளைக்கிற பிள்ளை ராத்திரி தூங்கவிடாமல் அழுதால் “பிள்ளை படுத்துது”. காய்ச்சல் படுத்தும், வெயில் படுத்தும், போய்ப் போய் வருகிற கரண்ட்டும் படுத்தும். தாய் தன் பிள்ளையைப் பற்றிச் செல்லச் சலிப்போடு சொல்கிற அதே சொல்தான், உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கிற பெண்ணின் வாயிலும் வருகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது குரல் மட்டுமே. குரலைத் தாளில் ஏற்ற முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் “புருஷன் பொண்டாட்டி சண்டைதானம்மா, பேசித் தீத்துக்கங்க” என்று சொல்ல இந்த ஒரு வழுக்கல் போதும்.

திருக்குறளில் கொடுங்கோன்மை அதிகாரம் இப்படித் தொடங்குகிறது:

‘கொலைமேற்கொண் டாரிற் கொடிதே அலைமேற்கொண்
டல்லவை செய்தொழுகும் வேந்து.’

551-ஆவது குறள். கொலையைத் தொழிலாகக் கொண்டவர்களைவிடக் கொடியவன், குடிமக்களை அலைப்பதை மேற்கொண்டு முறையல்லாததைச் செய்து நடக்கும் அரசன் என்கிறது. இங்கே வரும் ‘அலை’ கடலின் அலை கிடையாது, வருத்துதல் என்ற பொருள். ஆனாலும் கடலோரத்தில் வளர்ந்த என்னால் இரண்டையும் பிரித்து வாசிக்க முடிவதில்லை. சரி, கொல்வதைவிட அலைப்பது எப்படிக் கொடிதாகும்? பரிமேலழகர் உரையில் காரணம் இருக்கிறது. கொலைகாரர் செய்வது ஒருபொழுதைத் துன்பம், இவன் செய்வது எப்பொழுதும் துன்பம் என்கிறார். ‘செய்தொழுகும்’ என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. ஒருமுறை செய்துவிட்டுப் போனவனை அது குறிக்கவில்லை, அதையே நடத்தையாக வைத்திருப்பவனைக் குறிக்கிறது. அடி எவ்வளவு பலம் என்று அளக்காமல், நிற்கிறதா, வந்துகொண்டே இருக்கிறதா என்று அளந்திருக்கிறார்கள். அரசனைப் பற்றிச் சொன்ன இதைத்தான் அக்கா தன் வீட்டைப் பற்றி ஒரே சொல்லில் சொன்னார்.

தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு எல்லோருக்கும் தேதி தெரியும், 1964 டிசம்பர். உப்புக்காற்று தின்ற சுவருக்கு யாராவது தேதி சொல்ல முடியுமா? அங்கே ஒரு பக்கம் அமைதியாகக் கிடக்கும் கடலைப் பெண்கடல் என்றும், மறுபக்கம் கொந்தளிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். வாடைக்காற்று திரும்பினால் அந்தப் பெண்கடலும் எழுந்து அடிக்கத்தான் செய்கிறது. அமைதியாக இருப்பது பெண்ணுடைய குணம் என்று கடலுக்கே பெயர் வைத்துவிட்டோமே என்று அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

எழுத்தில் நாம் அதிகம் போடுவது ‘கொடுமை’. அதன் அடியில் இருக்கும் ‘கொடு’ என்பதற்கு வளைவு என்று பொருள். நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். வளைவைக் குறித்த சொல் மெல்ல மெல்ல நடத்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 279-ஆவது குறள் இந்த இரண்டு பொருளையும் வைத்தே பேசுகிறது: ‘கணைகொடிது யாழ்கோடு செவ்விது’. அம்பு பார்க்க நேராக இருக்கும், செய்வது கொடுமை. யாழின் தண்டு வளைந்திருக்கும், தருவது இனிமை. உருவத்தை வைத்து எடை போடாதே, செய்கிற காரியத்தை வைத்துப் போடு என்கிறது.

இந்தக் குறளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனு கொடுத்த மறுநாள் ஊரில் கேட்கிற முதல் பேச்சு, “அவரா? தங்கமான மனுசனாச்சே” என்பதுதான். தெருவில் யாரையும் ஏறிட்டுப் பேசாதவர், கோயில் காரியத்துக்கோ பள்ளிவாசல் காரியத்துக்கோ முதல் ஆளாக நிற்பவர், சங்கத்தில் நாலு பேருக்கு நல்லது செய்பவர். இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நேராக இருப்பது அம்பின் உருவம்தான். தைத்த இடம் தைக்கப்பட்டவருக்குத்தான் தெரியும்.

மற்ற சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். தொல்லை என்ற சொல் பழைய நூல்களில் பழமை என்ற பொருளிலும் வரும். இன்றைய தொல்லை விட்டுப்போகாத உபத்திரவம், ஆனால் தாங்கிக்கொள்ளக்கூடியது என்ற நிறம் அதற்கு உண்டு. அதனால் ‘கணவர் தொல்லை கொடுக்கிறார்’ என்று மனுவில் எழுதினால் பாதி கனம் குறைந்துவிடும். இம்சை வடமொழியிலிருந்து வந்தது, அகிம்சையின் எதிர்ப்பக்கம். இன்று கொசுவுக்கும் இம்சை, விருந்தாளிக்கும் இம்சை என்றாகிவிட்டது. சித்திரவதை என்றால் விதவிதமாக வதைப்பது. சொல் பெரியது, கேட்டதும் காவல் நிலையமும் சிறையும்தான் நினைவுக்கு வருகின்றன, அடுப்படி வருவதில்லை. டார்ச்சர் என்ற சொல்லைப் படித்த பிள்ளைகளும் படிக்காத கிழவிகளும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். “டார்ச்சர் தாங்கல” என்பதில் வெட்கம் குறைவு. சொந்தப் பாஷையில் சொல்லக் கூசுவதை அடுத்த பாஷைச் சொல்லில் மூடிச் சொல்ல முடிகிறது. அதனால் யாராவது டார்ச்சர் என்றால் நான் அங்கேயே நிறுத்தி, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று மெதுவாகக் கேட்பேன்.

வன்கொடுமை என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989-இல் வந்தது. அதே சொல்லைப் பத்திரிகைகள் பாலியல் குற்றத்துக்கும் போட்டுப் போட்டு, இப்போது வன்கொடுமை என்றாலே மக்கள் அது ஒன்றைத்தான் நினைக்கிறார்கள். சாதியைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்துவதும், பொது வழியை மறிப்பதும், பொதுத் தண்ணீரை எடுக்கவிடாமல் தடுப்பதும் அந்தச் சட்டத்தில் வன்கொடுமைதான் என்று சொன்னால் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். அதுவும் நாள்தோறும் நடப்பது, அதற்கும் ரத்தக்காயம் இருக்காது.

சட்டம் தொடர்ந்து நடக்கும் கொடுமையைக் கண்டுகொள்ளவே இல்லை என்று ஒரு காலத்தில் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983-இல் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவு, கணவரோ அவருடைய உறவினரோ செய்யும் கொடுமையைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருப்பது அதுதான். 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கொடுமை என்றால் என்ன என்று விளக்கும்போது உடல்நலத்தோடு மனநலத்துக்கு வரும் கேட்டையும் அது சேர்த்தே சொல்கிறது. பணம், நகை, சொத்து கேட்டு நெருக்குவதையும் சொல்கிறது.

குற்றம் நடந்து 3 ஆண்டு தாண்டிவிட்டால் இந்தப் பிரிவில் வழக்கை எடுக்க முடியாது என்று ஒரு கால வரம்பு உண்டு. அப்படியானால் பத்து வருஷமாகப் படுத்தப்பட்டவள் என்ன செய்வாள்? 1999-இல் அருண் வியாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. இது தொடர் குற்றம், ஒவ்வொரு தடவை கொடுமை நடக்கும்போதும் அந்தக் கால வரம்பு புதிதாகத் தொடங்கும் என்றது. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு அலையும் கரையைப் புதிதாகத்தானே தொடுகிறது.

2007-இல் சமர் கோஷ் வழக்கில், விவாகரத்து சம்பந்தமாக, மனக்கொடுமை என்றால் என்ன என்று அதே நீதிமன்றம் விரிவாகப் பேசியது. குடும்பத்தில் சாதாரணமாக வரும் சண்டை சச்சரவு மனக்கொடுமை ஆகாது. ஆனால் விடாமல் இழிவாகப் பேசுவதும் நடத்துவதும், வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவதும் நீண்டகாலம் தொடர்ந்தால் அது கொடுமை. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்று எல்லா வழிகளிலும் நடக்கும் வன்முறையைச் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திப் பேசுவது அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. மனைவி மட்டுமல்ல, அதே வீட்டில் வாழும் அம்மா, அக்கா, தங்கையும் இந்தச் சட்டத்தில் மனு கொடுக்கலாம்.

பொருளாதார வன்முறை என்ற சொல்லைக் கேட்டதும் அக்காமார்கள் முழிப்பார்கள். அதனால் நான் கடல்பாசியை வைத்துச் சொல்வேன். தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி, கரையில் காயவைத்து எடை போட்டு வாங்கி வந்த காசு. அந்தக் காசை வீட்டு வாசலிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டு, அரிசிக்குக் கேட்டால் “எதுக்கு?” என்று கேட்பது. “ஆமா தம்பி, அப்படித்தான்” என்பார்கள் உடனே. அதற்கும் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கரையில் கொடுமையைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, எந்த வகையிலும் யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. தீக்குத் தேதி இருக்கிறது, அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது நினைவுகூர்கிறார்கள். அந்தச் சங்கிலி கால்களில் கிடந்த அத்தனை நாட்களுக்கும் தேதி கிடையாது. தீப்பிடித்ததால் அந்த இடம் கொடுமையான இடமாக மாறவில்லை. அதற்கு முந்தைய நாள் காலையிலும் அது அப்படித்தான் இருந்தது. அந்த 28 பேரும் அதற்கு முன்னால் தினமும் பட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்த கண்களுக்கு அது ஒரு சம்பவமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், மனுவுக்கு வருவோம். படுத்துறாக என்பதை எப்படித் தாளில் கொண்டுவருவது?

“எந்தத் தேதி?” என்று கேட்டால் பதில் வராது. அதனால் தேதியே கேட்பதில்லை. இங்கே நாள்காட்டி சுவரில் மட்டும் தொங்குவது கிடையாது, காற்றிலும் கடலிலும் இருக்கிறது. “அப்ப கச்சான் அடிச்சுச்சா, வாடையா?”, அதாவது மேற்கிலிருந்து வந்த காற்றா, வடக்கிலிருந்து வந்த காற்றா என்று கேட்டால் பாதி வருஷம் கழிந்துவிடும். “தடைக்காலமா?” என்றால், விசைப்படகு மீன்பிடிக்கத் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளுக்குள் வந்து நிற்கலாம். ஆள் வீட்டோடு இருக்கிற அந்த 61 நாளைப் பற்றி நிறையப் பெண்கள் தாங்களாகவே பேசுவார்கள். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, மீதி 4 நாள் நாட்டுப்படகு என்று கணக்கு இருக்கிறது. “அன்னைக்குக் கடலுக்குப் போன நாளா, போகாத நாளா?” என்று கேட்டால் கிழமை கிடைக்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா? ஏர்வாடி சந்தனக்கூடு முடிஞ்சிருச்சா? ஆடி அமாவாசைக் கூட்டமா? கஜா புயல் என்றால் 2018 நவம்பர், புரெவி என்றால் 2020 டிசம்பர். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றபோது என்றால் 2022 டிசம்பர், புதுப் பாலம் திறந்தபோது என்றால் 2025 ஏப்ரல்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் சொல் அவிழும். முதலில் எப்போது தொடங்கியது. எது அடிக்கடி நடக்கிறது. எது எப்போதாவது நடக்கிறது. கடைசியாக எப்போது. அப்போது யார் கூட இருந்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு எங்கே. எல்லாவற்றுக்கும் தேதி வேண்டாம். நாலைந்து இடத்தில் முளை அடித்துவிட்டால் நடுவில் கயிறு தானாக நிற்கும். ‘தினமும்’, ‘வாரத்தில் இரண்டு மூன்று முறை’, ‘தடைக்காலம் முழுவதும்’ என்ற சொற்களை நான் இப்போது தயங்காமல் போடுகிறேன். அவைதான் அந்தக் கொடுமையின் உண்மையான அளவு.

மனு தயாரானபின் காத்திருப்பது அடுத்த கொடுமை. அதற்கும் அலையிலிருந்தே ஒரு சொல்: அலைக்கழிப்பு. அலைதல் என்றால் தானாகத் திரிவது. அலைக்கழித்தல் என்றால் அடுத்தவரைத் திரிய வைத்து ஓயச் செய்வது. “இன்னைக்கு ஐயா இல்ல.” “திங்கக்கிழமை வாங்க.” “இது எங்க எல்லை இல்ல, அங்க போங்க.” யாரும் கை ஓங்குவதில்லை, யாரும் திட்டுவதும் இல்லை. தீவிலிருந்து பஸ் ஏறி, கூலி ஒரு நாள் போய், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வருகிறவருக்கு அந்த ‘நாளைக்கு வாங்க’ எத்தனை கனம் என்று சொல்பவருக்குத் தெரிவதில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத ஆளுடைய வீட்டுக்காரியைக் கேளுங்கள். உடல் கிடைக்கவில்லை என்றால் 7 ஆண்டு தகவல் இல்லாதிருந்தபின்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அந்த 7 ஆண்டும் ஒவ்வொரு மேசையாக அவள் தன் புருஷன் வரவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

என் சொந்த அத்தை ஒருத்தி ஒரு அலுவலகத்துக்கு இப்படி ஏறி இறங்கினாள். கடைசியில் எதுவுமே வேண்டாம் என்று தாளைக் கிழித்துவிட்டு வந்து, “வீட்ல படுத்துனது போதாதுன்னு அங்கயும் போய்ப் படணுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்து வந்தது.

அதனால் மனு எழுதுவதோடு இவற்றையும் சொல்லி அனுப்புகிறேன். காவல் நிலையத்தில் எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வரக் கூடாது. குடும்ப வன்முறை மனுவை மாவட்ட சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். அது நீதிமன்றத்துக்குப் போனால் பொதுவாக 3 நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்ணையும் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுக்குப் பின்னால் எழுதி வைக்கச் சொல்வேன். கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள், நோட்டைப் பிடுங்க மாட்டார்கள்.

முதலில் சொன்ன அக்காவின் மனுவை எழுதி முடிக்க அன்று மூன்று மணி நேரம் ஆனது. எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். ‘துன்புறுத்தி வருகிறார்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது என்னமோ மாதிரி இருக்கு தம்பி. படுத்துறாகன்னே போடுங்க.”

போட்டேன். ‘என் கணவர் என்னைப் படுத்துகிறார்’ என்பதை முதல் வரியாக வைத்து, அதற்குக் கீழே என்னென்ன என்று எண் போட்டு இறக்கினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“ஒண்ணு விட்டுப்போச்சு. சொல்லலாமான்னு தெரியல. நான் சோத்துல உக்காந்தா, வந்து தட்டைக் காலால தள்ளுவாக. அடிக்கல. தட்டைத்தான்.”

கடைசி எண்ணுக்குக் கீழே இடம் இருந்தது. ‘நான் சாப்பிட உட்காரும்போது தட்டைக் காலால் தள்ளுவார்’ என்று எழுதி, பக்கத்தில் ‘பல முறை’ என்று போட்டு வாசித்தேன்.

“பல முறை இல்ல தம்பி,” என்றார். “தெனம்.”

அடித்துவிட்டு ‘தினமும்’ என்று எழுதினேன்.